டாஞ்சியரில் கப்பல் நிற்கும் ஒரே பகலில் ஷெஃப்ஷாவென் போய் வருவது எப்படி

ஸ்பெயினில் ஏறும் குரூஸ் கப்பல்கள் சிலவற்றின் பட்டியலில் மொராக்கோவின் டாஞ்சியர் ஒரு பகல் நிறுத்தமாக வரும். அதைப் பார்த்ததுமே வீட்டில் யாராவது ஒருவர் போனை நீட்டி, இந்த நீல ஊர் அங்கேதானே இருக்கிறது, போகலாமா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் கேட்டது அம்மா. போகலாம், கட்டாயம் போகலாம். ஆனால் அந்த நீல ஊரான ஷெஃப்ஷாவென் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இல்லை. ரிஃப் மலைக்குள் சுமார் 115 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, சாலை நன்றாக இருந்தாலும் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, இரண்டரை என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைத்தான், மற்றதெல்லாம் அப்புறம்.

கணக்கு இப்படி. போக வர ஐந்து மணி நேரம், ஊருக்குள் மூன்று மணி நேரம், வழியில் ஏதாவது ஆனால் கையில் இருக்க ஒன்றரை மணி நேரம். ஆக, நீங்கள் கப்பலை விட்டு இறங்குவதற்கும் எல்லாரும் ஏறியிருக்க வேண்டும் என்று கப்பலில் சொல்லும் நேரத்துக்கும் நடுவே ஒன்பதரை மணி நேரம் வேண்டும். கப்பல் புறப்படும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஏற வேண்டிய நேரம் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னாலேயே வந்துவிடும். எட்டு மணி நேரம்தான் நிற்கிறது என்றால் ஷெஃப்ஷாவென்னை விட்டுவிடுங்கள். பாதி வழியில், ஒரு மணி நேரத் தூரத்தில் டெத்துவான் இருக்கிறது, வெள்ளை வெளேரென்ற பழைய ஊர், 1997-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே நிதானமாக நடந்துவிட்டு வரலாம். நீல ஊரில் ஒரு மணி நேரம் ஓடி ஓடிப் படம் எடுத்துவிட்டு வண்டியில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் முகத்தில் அந்த ஊர் கொஞ்சம்கூட இல்லை.

கடிகாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மொராக்கோ 2018 முதல் ஆண்டு முழுக்க கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் இருக்கிறது, ரமலான் மாதத்தில் மட்டும் ஒரு மணி பின்னால் வந்து கிரீன்விச் நேரத்துக்கே போய்விடும். கோடையில் ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் ஒரு மணி வித்தியாசம், குளிர்காலத்தில் ரமலான் தவிர வித்தியாசமே இல்லை. கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும், சிலவற்றில் ஸ்பெயின் நேரத்தையே வைத்துக்கொள்வார்கள். போனோ பிடிக்கும் டவரைப் பொறுத்து தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும். ஜிப்ரால்டர் நீரிணைக்கு அந்தக் கரை இந்தக் கரை இரண்டுக்கும் டவர் எட்டுகிற இடத்தில் போனை நம்பக் கூடாது. முந்தின நாள் இரவே வரவேற்பு மேசையில் போய், நாளைக்குக் கப்பல் நேரம் எது என்று கேட்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் அதை வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க அதை மட்டும் பாருங்கள்.

விசா விஷயம் டிக்கெட் வாங்கும்போதே முடிய வேண்டியது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு மொராக்கோ விசா வேண்டும். இ-விசா வழியும் இருக்கிறது, அது உங்களுக்குப் பொருந்துமா என்று மொராக்கோ அரசின் இ-விசா தளத்திலேயே பாருங்கள். கப்பலில் வந்து அன்றே திரும்புகிறவர்களுக்கு என்ன விதி என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், போனில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு விட்டுவிடாதீர்கள். இதைவிட முக்கியமானது, பலர் கோட்டைவிடுவது, ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. ஸ்பெயினில் ஏறி மொராக்கோவில் இறங்கினால் ஷெங்கனை விட்டு வெளியே போனதாகக் கணக்கு, மறுபடி ஸ்பெயினுக்கு வரும்போது அது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசாவில் அது முடியாது. விண்ணப்பிக்கும்போதே பயணப் பட்டியலை இணைத்துப் பல நுழைவு விசா கேளுங்கள். ட்ரோன் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், முன் அனுமதி இல்லாமல் மொராக்கோவுக்குள் கொண்டுபோக விட மாட்டார்கள்.

சரி, எதில் போவது? கப்பலே ஏற்பாடு செய்யும் பஸ், நீங்களாகப் பிடிக்கும் தனிக் கார், இல்லையென்றால் பொதுப் பேருந்து. பேருந்தை இப்போதே கழித்துவிடலாம். அது மலிவுதான், ஆனால் அதன் நேரமும் கப்பலின் நேரமும் ஒத்து வராது, ஒன்று தப்பினால் அடுத்ததுக்குக் காத்திருக்க நமக்கு நேரமில்லை. கப்பல் ஏற்பாட்டில் விலை அதிகம், நாற்பது ஐம்பது பேரோடு கொடி பிடித்தவர் பின்னால் போக வேண்டும், சாப்பாடும் அவர்கள் சொல்லும் இடத்தில்தான். ஆனால் அந்தப் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும். வயதானவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட இருந்தால், அல்லது இதுதான் உங்கள் முதல் குரூஸ் என்றால், கப்பல் ஏற்பாட்டிலேயே போய்விடுங்கள் என்றுதான் சொல்வேன். நான்கைந்து பேர் சேர்ந்து போகிறீர்கள், நேரத்தை இறுக்கிப் பிடிக்க ஒருவர் இருக்கிறார் என்றால் தனிக் கார் அருமையாக இருக்கும்.

தனிக் கார் என்றால் முன்பதிவு செய்த வண்டியாகவும் இருக்கலாம், கிராண்ட் டாக்ஸி என்று அங்கே சொல்லும் வாடகை வண்டியாகவும் இருக்கலாம். கிராண்ட் டாக்ஸியில் ஆளுக்கொரு இருக்கைக்குக் காசு, ஆறு பேர் சேர்ந்தால் கிளம்பும். ஆறு இருக்கைக்கும் நாமே கொடுத்துவிட்டால் உடனே கிளம்பிவிடும். ஏறும் முன் மூன்று விஷயங்களைப் பேசி முடியுங்கள்: போக வர மொத்தம் எவ்வளவு, ஊரில் எத்தனை மணி நேரம் காத்திருப்பார், வழியில் எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது. கடைசியாகச் சொன்னதை நாங்கள் பேசாமல் விட்டோம். எங்களை அழைத்துப் போனவர் நல்ல மனிதர்தான், ஆனால் டெத்துவான் தாண்டியதும் ஒரு கம்பளக் கடை முன்னால் நிறுத்திவிட்டார். ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றார்கள், டீயும் நன்றாகத்தான் இருந்தது, எழுந்து பார்த்தால் முக்கால் மணி நேரம் போயிருந்தது. அந்த முக்கால் மணி நேரம் எங்களுக்கு ஊரில் கிடைக்காமலே போனது, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், கப்பலடியில் இறங்கியதும் கொடுங்கள்.

கப்பல் நிற்கும் துறைமுகம் டாஞ்சியர் நகரத்தின் அடியிலேயே இருக்கிறது, பழைய ஊரின் மதில் தெரியும் தூரம். கிழக்கே 40 கிலோமீட்டருக்கு அப்பால் டாஞ்சியர் மெட் என்று பெரிய சரக்குத் துறைமுகம் ஒன்று உண்டு, முன்பதிவு செய்யும்போது ஓட்டுநரிடம் எந்தத் துறைமுகம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மொராக்கோ பணமான திர்ஹாம் தேவையான அளவுக்கு டாஞ்சியரிலேயே ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு யூரோவுக்கு 10, 11 திர்ஹாம் என்று மனதில் வைத்துக்கொண்டால் விலை கேட்கும்போது குழப்பம் வராது. சில்லறையாக 5, 10 திர்ஹாம் நாணயங்கள் நிறைய வேண்டும். யூரோ நாணயத்தைக் கொடுத்தால் அங்கே மாற்ற முடியாது, பாவம் வாங்கியவருக்குப் பயனில்லை. ஐரோப்பிய சிம் வைத்திருப்பவர்கள், அந்த ரோமிங் சலுகை மொராக்கோவுக்குப் பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள். வரைபடத்தைக் கப்பலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டெத்துவான் வரை அகலமான சாலை, தூங்கிக்கொண்டே போகலாம். அதற்கு அப்புறம் மலை ஆரம்பிக்கும், வளைவுகள் வரும். வயிறு புரட்டும் என்று தெரிந்தவர்கள் கப்பலின் காலைச் சாப்பாட்டை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், இஞ்சி மிட்டாய் கையில் இருக்கட்டும். ஏப்ரலில் போனால் வழி முழுக்கப் பச்சை. ஆகஸ்டில் போனால் அதே மலை காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருக்கும், மதியம் வெயில் கடுமை. நவம்பர் முதல் மார்ச் வரை ரிஃப் மலையில் நல்ல மழை உண்டு, கல் படிகள் வழுக்கும். ஊரின் உயரம் 600 மீட்டர் அளவில்தான், ஏற்காட்டில் பாதிகூட இல்லை, எனவே மலை ஊர் என்று ஸ்வெட்டர் மூட்டை கட்ட வேண்டாம், குளிர்காலத்துக்கு மட்டும் ஒன்று போதும்.

இப்போது ஊருக்குள் நுழைவது. இதில் ஒரு சின்ன உபாயம் இருக்கிறது, மூட்டு வலி உள்ளவர்களுக்கு இதுவே இந்தப் பயணத்தின் பாதி வெற்றி. பெரும்பாலான வண்டிகள் கீழே, மேற்குப் பக்கத்து பாப் எல் அய்ன் வாசலில் இறக்கிவிடும். அங்கிருந்து எல்லாம் ஏற்றம். அதற்குப் பதிலாக மேலே, கிழக்குப் பக்கம் ராஸ் எல் மா என்ற ஊற்று இருக்கும் இடத்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள், கீழ் வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். முழு ஊரையும் இறக்கமாகவே நடந்து முடித்துவிடலாம். நீங்கள் வந்த வண்டி மேலே வராது என்றால், ஊருக்குள் ஓடும் சின்ன நீல டாக்ஸி கொஞ்சம் காசுக்குக் கொண்டுபோய் விடும்.

ராஸ் எல் மா என்றால் தண்ணீரின் தலை என்று அர்த்தம். மலைப் பாறையிலிருந்து ஊற்று பீறிட்டு வந்து கல் வாய்க்காலில் ஓடுகிறது, கரையில் கூரை போட்ட துணி துவைக்கும் இடம். நாங்கள் போனபோது இரண்டு பெண்கள் முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டு, வரி வரியாகச் செதுக்கிய சாய்ந்த கல்லில் கம்பளி விரிப்பு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா போய் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார், அவர்களில் வயதானவர் சிரித்து, சோப்புத் தண்ணீர் வராத மேல் பக்கமாக நகர்ந்து உட்காரக் கையைக் காட்டினார். இந்த இடத்தில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். எதிரே குன்றின் மேல் தெரியும் வெள்ளைக் கட்டடம் ஸ்பானியர்கள் 1920-களில் கட்டிய மசூதி. அங்கிருந்து ஊர் முழுவதும் தெரியும், ஏறி இறங்க ஒரு மணி நேரம் ஆகும். மூன்று மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்தால் மட்டும் ஏறுங்கள்.

அங்கிருந்து கீழே இறங்கும் சந்துகளில்தான் அந்த நீலம். சுவர், படி, கதவு, சில இடத்தில் நடக்கும் தரையில்கூட. ஒரே நீலம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம் இல்லை, ஆச்சரியம்தான்: பால் கலந்த மாதிரி வெளிர் நீலம், மயில் கழுத்து நீலம், ஊதா ஓடிய நீலம், பழைய பூச்சு உரிந்து அடியிலிருந்து சுண்ணாம்பு எட்டிப் பார்க்கும் நீலம். ஏன் நீலம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். 1930-களில் யூத மக்கள் பூச ஆரம்பித்தார்கள் என்பது ஒன்று, கொசு வராது என்பது ஒன்று, வெயிலுக்குக் குளிர்ச்சி என்பது ஒன்று. எதையும் அடித்துச் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது வேறு. ஒரு கடை வாசலில் சாக்குகளில் வண்ணப் பொடிகளைக் கோபுரம் கோபுரமாகக் குவித்து வைத்திருந்தார்கள், மஞ்சள், செங்காவி, இளஞ்சிவப்பு, நடுவில் கண்ணைப் பறிக்கும் நீலம். அம்மா அதைக் காட்டி விரலால் தொடுவது போலச் சைகை செய்ய, கடைக்காரர் சொன்ன வார்த்தை "நீலா". அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நம் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு வாளியில் ஒரு சிட்டிகை போடுவோமே, வேட்டி அலசும் கடைசித் தண்ணீரில் கலப்போமே, அதே நீலம். சமஸ்கிருத நீலம்தான் பாரசீகம் வழியாக அரபுக்குப் போய் அங்கே சுவரில் இருக்கிறது. அம்மா ஒரு சின்னப் பொட்டலம் வாங்கிக்கொண்டார். வாங்கினால் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வாங்குங்கள், பெட்டியில் கொட்டினால் துணி எல்லாம் போய்விடும்.

நீலத்தைத் தாண்டியும் பார்க்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த ஊர் 1471-ல் மௌலாய் அலி பென் ரஷீத் என்பவர் போர்ச்சுகீசியரை எதிர்க்கக் கட்டிய கோட்டை. பின்னால் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களும் யூதர்களும் வந்து சேர்ந்தார்கள், அதனால்தான் வீடுகளின் மேல் தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் பார்க்கும் அதே சிவப்பு ஓடு. 1920-ல் ஸ்பானியப் படை நுழையும் வரை அயலார் உள்ளே போவதே அபூர்வம், 1883-ல் சார்லஸ் த ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் யூத குரு வேடம் போட்டுத்தான் எட்டிப் பார்க்க முடிந்தது. ஊர் நடுவே உத்தா எல் ஹம்மாம் சதுக்கம், அதன் ஓரத்தில் செம்மண் நிறத்தில் கஸ்பா கோட்டை. அந்த நீலத்துக்கு நடுவே இந்தச் செம்மண் நிறம் கண்ணுக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது. உள்ளே தோட்டமும் சின்ன அருங்காட்சியகமும் உண்டு, கோபுரத்தில் ஏறினால் சதுக்கம் முழுவதும் தெரியும், அரை மணி ஒதுக்குங்கள். பக்கத்துப் பெரிய மசூதியின் எட்டுப் பட்டை மினாரை வெளியே நின்று பாருங்கள், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. உங்கள் நாள் திங்களோ வியாழனோ ஆக அமைந்தால் சந்தை நாள், மலைக் கிராமத்து ஜெபாலா பெண்கள் சிவப்பு வெள்ளைப் பட்டைத் துணியை இடுப்பில் கட்டி, கம்பளிக் குஞ்சம் வைத்த ஓலைத் தொப்பியோடு காய்கறியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள். கேட்டு, தலையசைத்தால் எடுங்கள், வேண்டாம் என்று கையைக் காட்டினால் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகருங்கள். இது வேடிக்கை பார்க்க வைத்த ஊர் இல்லை, கதவைத் திறந்தால் அடுப்படி தெரியும் அளவுக்கு மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள். சில வீட்டு வாசலில் பூந்தொட்டியும் நாற்காலியும் வைத்து அலங்கரித்து, படம் எடுக்க 5 திர்ஹாம் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், ஒவ்வொரு வருடமும் அந்தச் சுவருக்குப் பூசுவது அவர்கள்தான். "பாலாக், பாலாக்" என்று பின்னால் சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டி நில்லுங்கள், சுமையோடு கழுதை வருகிறது என்று அர்த்தம். பேச்சுக்கு ஆங்கிலத்தைவிட ஸ்பானியம் நன்றாகச் செல்லும். வேண்டாம் என்பதற்கு "லா, ஷுக்ரன்", அதைச் சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். சதுக்கத்தில் யாராவது அருகில் வந்து காதோடு காதாகக் கிஃப், அதாவது கஞ்சா, வேண்டுமா என்று கேட்கலாம். ரிஃப் கஞ்சா விளையும் மலை. 2021-ல் வந்த சட்டம் மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் மட்டும்தான் அனுமதிக்கிறது, வாங்கி வைத்துக்கொள்வது குற்றம், கப்பலில் ஏறும்போது சோதனையும் இருக்கும். நிற்காமல் நடந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குச் சதுக்கத்தில் மேசை போட்டு அழைக்கும் கடைகளில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். சந்துக்குள் பிஸாரா விற்கும் சின்னக் கடையைத் தேடுங்கள். காய்ந்த ஃபாவா பருப்பைக் குழைய வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும் தூவி, ரொட்டியோடு தருவார்கள். நம் நாக்குக்கு முதல் கரண்டியிலேயே பழகிவிடும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இதுதான் முதல் சாய்ஸ், ஆனால் இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்த்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மண்சட்டியில் வேகவைக்கும் காய்கறித் தஜீனிலும் அதே கேள்வி. ஹரீரா சூப்பில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். மெஸ்மன் என்று அடுக்கடுக்காகப் போடும் ரொட்டி நம் பரோட்டாவின் தங்கை மாதிரி, தேன் ஊற்றித் தருவார்கள். பிள்ளைகள் அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள். அந்த ஊர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் ஆலிவ் எண்ணெயும் கட்டாயம் சுவைத்துப் பாருங்கள், 2010-ல் யுனெஸ்கோ மத்தியதரைக் கடல் உணவுமுறையை அங்கீகரித்தபோது மொராக்கோ சார்பில் காட்டிய ஊரே இதுதான். வெள்ளிக்கிழமை போனால் மதியத் தொழுகை நேரத்தில் பல கடைகள் அடைத்திருக்கும், அதற்கு முன்பே வாங்குவதை வாங்கிவிடுங்கள்.

வாங்குவது என்றால் கம்பளிதான். கைத்தறியில் நெய்த விரிப்பு, போர்வை, தொப்பி வைத்த ஜெல்லாபா என்ற நீள அங்கி. பேரம் உண்டு, ஆனால் சண்டை மாதிரி இல்லை, கேட்ட விலையில் கொஞ்சம் குறைத்துச் சொல்லி, ஒத்து வந்தால் வாங்கலாம். தறி ஓடும் கடையில் வாங்குங்கள், நெய்தவர் கையிலேயே காசு போகும்.

புறப்பட வேண்டிய நேரத்தைக் காலையிலேயே காகிதத்தில் எழுதி ஓட்டுநரிடமும் கொடுத்துவிடுங்கள். ஏற வேண்டிய நேரம் ஐந்தரை என்றால் ஒன்றரை மணிக்கு பாப் எல் அய்ன் வாசலில் நிற்க வேண்டும், ஒன்றேமுக்காலுக்கு இல்லை. பாஸ்போர்ட் நகல், கப்பல் அட்டை, துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பலின் வேலைகளைப் பார்ப்பவர்) எண், மூன்றும் உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும், அந்த எண் கப்பலில் தரும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருக்கும். எவ்வளவு கவனமாக இருந்தும் கப்பல் போய்விட்டது என்றால் பதறாதீர்கள். முகவரைக் கூப்பிடுங்கள். அதே துறைமுகத்திலிருந்து ஸ்பெயினின் டரிஃபாவுக்கு விரைவுப் படகு உண்டு, ஒரு மணி நேரப் பயணம். பல நுழைவு ஷெங்கன் விசாவும் அசல் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் அடுத்த துறைமுகம் ஸ்பெயினாக இருக்கும் பட்சத்தில் கப்பலைப் பிடித்துவிடலாம். அசல் பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு, அப்படியென்றால் அன்றைக்கு மட்டும் கேட்டு வாங்க முடியுமா என்று முந்தின நாளே விசாரியுங்கள்.

திரும்பும் வழியில் ஊரை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும், மொத்த ஊரும் இரண்டு மலை முகடுகளுக்கு அடியில் தெரியும் இடம் ஒன்று வரும். பெர்பர் மொழியில் ஷாவென் என்றால் கொம்புகள், பெயர் ஏன் வந்தது என்று அங்கே நின்று பார்த்தால் புரியும். வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம்.